மாடி வைஃபையில் மிச்சமிருக்கும் ஒருவர்

எங்கள் நெல்லித்தோப்பு தெருவில் மாடிக்கு மாடி வைஃபை கருவி வைத்து, என் வீட்டு இணையத்தைத்தான் எல்லோரும் பகிர்ந்துகொள்கிறோம். பாஸ்வேர்டு கிடையாது. தாகம் என்று வருகிறவரிடம் பெயரா விசாரிப்போம்?

இன்று காலை மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள்.

"கனெக்சன் யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான் சார்."

"இதுலேர்ந்து ஒரு பொண்ணுக்குக் கொலை மிரட்டல் போயிருக்கு. யார் யார் யூஸ் பண்றாங்க?"

"தெருவே யூஸ் பண்ணுது சார்."

"அப்ப நீங்கதான் பதில் சொல்லணும். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்துடுங்க."

தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

அவர்கள் போனதும், வைஃபையில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று என் போனில் பார்த்தேன். தெரு மொத்தமும் வைஃபையை விட்டு விலகிவிட்டது. பெயர் தெரியாத ஒரே ஒரு போன் மட்டும் இன்னும் இணைந்தே இருக்கிறது.

வைஃபையை அணைக்கக் கை வரவில்லை. அணைத்தால், நான் பார்த்துவிட்டேன் என்று அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும்.

யாருங்க அது? கமென்டில் சொல்லுங்கள். தயவுசெய்து உங்கள் சொந்த டேட்டாவில்.