'வந்தவர்கள்' என்று எழுதியவன்

டான்யூப் ஆற்றின் கரையில் எங்கள் ஊரில் யாராவது இறந்தால், படத்தோடு அறிவிப்பு அச்சடித்துக் கதவுகளிலும் மரங்களிலும் ஒட்டுவோம். நாற்பதாம் நாள் நினைவு விருந்துக்கு ஊரை அழைத்து மறுபடியும் ஒட்டுவோம். அதை எழுதி அச்சடிப்பவன் நெதெல்கோ. என்னைப் போல அவனும் வீட்டில் முதல் பட்டதாரி. அவன் எழுத்தென்றால் ஊருக்கே பெருமை. அதனால்தான் மேயர் தன் தேர்தல் பேச்சை எழுதும் வேலையை அவனிடம் கொடுத்தார்.

அந்தப் பேச்சில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது. எப்போதோ அணை கட்டியபோது மூழ்கிப்போன ஊரிலிருந்து வந்து, கீழ்த்தெருவில் குடியேறிய குடும்பங்களை 'வந்தவர்கள்' என்று எழுதினான், அவ்வளவுதான். "நம் கிணறு, நம் பள்ளிக்கூடம், நம் பிள்ளைகள். அப்புறம், வந்தவர்கள்." அந்த இடத்தில் சற்று நிறுத்தும்படி மேயருக்குச் சொல்லியும் கொடுத்தான். மிச்சத்தைக் கூட்டமே நினைத்துக்கொள்ளும் என்று அவனுக்குத் தெரியும். நினைத்துக்கொண்டது. மேயர் ஜெயித்தார். கீழ்த்தெரு ரொட்டிக்காரர் ஸ்பாஸிடம் ரொட்டி வாங்குவதை, பழைய குடிகளான எங்கள் மேல்தெரு நிறுத்திவிட்டது.

குளிர்காலத்தில் ஸ்பாஸ் இறந்தார். அடக்கத்துக்கு மேல்தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை, நெதெல்கோ உட்பட. நாற்பதாம் நாள் அறிவிப்புக்காக அவர் மனைவி ஸ்லாத்கா அச்சகத்துக்கு வந்தாள்.

"இந்தத் தடவையாவது சாப்பிட வருவாங்களா தம்பி?"

"வருவாங்கக்கா. நானே போய் ஒட்டுறேன்."

'நம் ஊர் ரொட்டிக்காரர்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தான். காப்பிக்கடைக் கதவில் ஒட்டும்போது கொத்தனார் கிரோம் உள்ளிருந்து கத்தினான்.

"என்னடா படிச்சவனே, வந்தவங்க பக்கம் சாஞ்சுட்டியா?"

"அவரு சுட்ட ரொட்டியத் தின்னுதானேடா இந்த வயிறு வளத்தே?"

"ரொட்டியக் குத்தம் சொல்லல. ஆனா அந்தப் பேச்சு உன்னோடதுதானே? என் பொண்டாட்டி இன்னும் அதச் சொல்லிக்கிட்டுத் திரியுறா!"

"அது தப்புடா. நான் எழுதினதே தப்பு."

"பாருங்கய்யா, எவ்வளவு அடக்கம்!" கடையே சிரித்தது. பாராட்டி ஒரு கிளாஸ் ரக்கியா சாராயம் வேறு ஊற்றினார்கள். அவன் தொடவில்லை.

நாற்பதாம் நாள் ஸ்லாத்கா வீட்டு முற்றத்தில் நீள மேசை. சர்க்கரை தூவிய அவித்த கோதுமை, மீன், ஒயின். கீழ்த்தெருக்காரர்கள் ஒரு பக்கமாக நெருக்கி உட்கார்ந்து, மறு பக்கத்தை மேல்தெருவுக்கென்று விட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் நெதெல்கோவும் நானும் மட்டும். மீன் ஆறியது.

அவன் எழுந்தான். "அக்கா, அந்தப் பேச்ச எழுதினது..."

"தெரியும் தம்பி, உக்காரு." அவன் தட்டில் ஒரு கரண்டி கோதுமை வைத்தாள். "எங்கள மாதிரி வந்தவங்க வீட்டுக்கு நீங்க ரெண்டு பேரு வந்ததே பெருசு."

அவன் உட்கார்ந்தான். கோதுமையை வாயில் போட்டு வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தான்.