கதவுக்கு வெளியே கால் வைக்காதே

அந்த நாட்டில் இறங்கியதும் முதலில் எனக்கு மூக்கில் ரத்தம்தான் வந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை உடை போட்ட ஒருத்தி குச்சியை உள்ளே விட்டுத் திருகினாள். நான் தலையைப் பின்னுக்கு இழுத்தேன். பின்னால் நின்றவன் பிடரியைப் பிடித்து முன்னுக்குத் தள்ளினான். அடுத்த நாற்காலியில் இருந்த என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, சிரித்தான்.

"இன்னா மாமா, மூளையவே சொரண்டி எடுத்துட்டாங்களா?"

அவன் முறை வந்தபோது அந்தப் பெண்ணின் கையைத் தட்டிவிட்டான். இரண்டு பேர் வந்து அவனை நாற்காலியோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தார்கள்.

கொரோனா காலம் அது. ஆம்பூரில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் ஆலை, ஊரடங்கில் மூடியது, பிறகு திறக்கவே இல்லை. வெளிநாட்டில் ஒரு தோல் கம்பெனி அனுபவப்பட்ட ஆள் வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டது. இறங்கியதும் ஓட்டல் அறையில் அடைந்து கிடக்க வேண்டும். அந்தக் கெடு முடிந்தால்தான் வேலை. எழுதிக் கொடுத்த விதிகளில் ஒன்று மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. கதவுக்கு வெளியே கால் வைத்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊரில் எனக்கு வேறு பிழைப்பு இல்லை, படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். "ஆண்டவரே, இந்தக் கதவுக்குள்ளேயே எங்களை வைத்துக் காத்தருளும்." அங்கே இருந்தவரை என் ஜெபம் இதுதான்.

மச்சான் தினமும் குடிக்கிறவன். காலையில் கொஞ்சம் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும். புறப்படும்போது என் மனைவி சந்தோஷப்பட்டாள். "ரூம்லயே வெச்சிப் பூட்டிடுவாங்களாமே, நல்லதாப் போச்சு. என் தம்பி திருந்திடுவான்." நானும் அப்படித்தான் நம்பினேன். கர்த்தர் என் மச்சானுக்கு ஒரு வழி திறந்திருக்கிறார் என்று, ஒன்றும் நடப்பதற்கு முன்பே, சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரே கம்பெனி ஆட்கள் என்பதால் இருவருக்கும் ஒரே அறை. அப்படி ஓர் அறைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கே மனித முகமே கிடையாது என்பதுதான். கதவைத் தட்டுவார்கள். காலடிச் சத்தம் தூரமாகப் போன பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு திறக்க வேண்டும். வெளியே நாற்காலியில் சாப்பாட்டுப் பெட்டி இருக்கும். கையை மட்டும் நீட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். ஜன்னல் திறக்காது. பெருக்க ஆள் வராது. காய்ச்சல் உண்டா என்று போனில் கேட்பார்கள், இல்லை என்றால் வைத்துவிடுவார்கள்.

முதலில் அவன் விளையாட்டாகத்தான் இருந்தான். "பாஸ்டரே, இவ்ளோ ஜெபம் பண்றியே, அந்தச் சேர்மேல ஒரு குவாட்டர் வர்ற மாதிரி பண்ணேன்."

"வாய மூட்றா. சாப்பிடு."

"உப்பே இல்ல மாமா. ஒரே பேஜாரு."

பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. சட்டை பிழிகிற அளவுக்கு வியர்த்தது. தூக்கமே இல்லை. ஒரு நாள் காலையில் சாப்பாட்டுப் பெட்டியைச் சுவரில் அடித்தான். சிவப்புக் குழம்பு வழிந்தது. அதே இடத்தில் முஷ்டியால் குத்தினான், குத்திக்கொண்டே இருந்தான், எது குழம்பு எது ரத்தம் என்று தெரியாத அளவுக்கு. பிடிக்கப் போன என்னை முழங்கையால் இடித்ததில் என் முன்பல் ஆடிவிட்டது. கையில் பூச்சி ஊர்கிறது என்று நகத்தால் தோலைக் கிழித்துக்கொண்டான்.

போனில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். தம்பி தூங்கவில்லை, நடுங்குகிறான், ஏதேதோ பேசுகிறான். காய்ச்சல் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

குடிப் பிசாசு அவனை விட்டுப் போகிற போராட்டம் இது என்று நினைத்தேன். உபவாசம் இருந்தேன். ஒரு நாள் மதியம் கட்டிலோரம் முழங்கால் போட்டு, நெற்றியை மெத்தையில் கவிழ்த்து ஜெபித்தேன். அப்போதுதான் வெளியே நடைபாதையில் கிருமிநாசினி மருந்து அடிக்கிற இயந்திரம் உறுமியது. கதவின் அடியிடுக்கு வழியாக வெள்ளைப் புகை உள்ளே வந்தது. மூக்கு எரிந்தது. நான் அசையவில்லை.

பின்மண்டையில் ஓர் அடி விழுந்தது. மச்சான் என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிக் கன்னத்தில் அறைந்தான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மாற்றி மாற்றி அறைந்தான். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். நான் அவன் வயிற்றில் உதைத்தேன். கெட்டிலை எடுத்து அவன் நெற்றியில் ஓங்கி அடித்தேன். ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது, அவன் அதைத் துடைக்கக்கூட இல்லை. படுக்கைவிரிப்பை உருவி முறுக்கினான். கழுத்தை நெரிக்கத்தான் வருகிறான், என் ஆவியை ஏற்றுக்கொள்ளும் ஆண்டவரே என்று கத்தினேன்.

அவன் அதை என் இடுப்பில் கட்டினான்.

எங்கள் ஊரில் தோல் ஷாப் கழிவுத் தொட்டியில் இறங்குகிறவன் இடுப்பில் இப்படித்தான் கயிறு கட்டுவார்கள். உள்ளே விஷக் காற்று சேர்ந்திருக்கும். இறங்கியவன் தலை கவிழ்ந்துவிட்டால் மேலே இருப்பவன் யோசிக்கக் கூடாது, இழுத்துப் போட வேண்டும். மேலே வந்ததும் கண் சொருகாதபடி கன்னத்தில் அறைந்துகொண்டே இருப்பார்கள். டாக்டர் சொல்லிக் கொடுத்ததல்ல, நாங்களாகச் செய்துவந்தது. அந்தப் புகையில், கட்டிலில் முகம் கவிழ்ந்து கிடந்த என்னை அவன் என்னவென்று பார்த்தான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"காஸ் வந்துட்டுச்சு! கண்ண மூடாத மாமா! மூடாத! அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்!"

கதவைத் திறந்து தரையோடு தரையாக இழுத்தான். நிலைச்சட்டத்தில் என் தோள் இடித்தது. இடுப்புவரை நடைபாதையில் கிடந்தேன், கால்கள் இன்னும் அறைக்குள் இருந்தன. மருந்தடித்த இருவரும் இயந்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஒருவன் இயந்திரத்திலிருந்து கழற்றிய இரும்புக் குழாயால் மச்சானின் முதுகில் அடித்தான். மறுபடி தோளில். கையில் விழுந்த அடிக்கு எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவன் விரிப்பை விடவில்லை. "வெளிய வந்துட்டோம் மாமா, மூச்சு இழு, நல்லா இழு" என்று என்னைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தான்.

மற்றவன் என் கால்களைப் பார்த்தான். உள்ளே போ, உள்ளே போ என்று கையால் காட்டினான். நான் இன்னும் கதவைத் தாண்டவில்லை என்று அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தான். பின்னால் நகர்ந்தால் போதும், வேலை நிலைக்கும்.

மச்சான் விழுந்தான். உடம்பு விறைத்து வெட்டி வெட்டி இழுத்தது, தலை தரையில் மோதியது, வாயில் நுரை. குழாய்க்காரன் அவன் நடிக்கிறான் என்று நினைத்தானோ என்னவோ, மறுபடி ஓங்கினான். நான் தவழ்ந்து முழுதாக வெளியே வந்து மச்சான்மேல் படுத்துக்கொண்டேன். அந்த அடி என் விலாவில் விழுந்தது. அதற்கடுத்ததும். "அடிக்காதீங்க, எங்க புள்ள" என்று தமிழில் கத்தினேன், அவர்களுக்கு என்ன புரியும். கத்தலைக் கேட்டுக் கதவுகள் திறந்தன, நிலைகளில் முகக்கவசம் போட்ட முகங்கள் நின்றன, ஒருவரும் வெளியே கால் வைக்கவில்லை. கடைசியில் அந்த நுரையைப் பார்த்துத்தான் குழாயைக் கீழே போட்டான்.

ஆஸ்பத்திரியில் அவன் பிழைத்தான். தினம் குடிக்கிறவனுக்கு ஒரேயடியாக நிறுத்தினால் இப்படி வலிப்பு வரும், புத்தி கலங்கும், உயிரே போகும், முன்னதாகச் சொல்லியிருந்தால் மருந்து கொடுத்திருப்போம் என்று டாக்டர் போனில் தமிழாக்கிக் காட்டினார். அதிகாரி ஒருவர் வந்து இருவருமே விதியை மீறினோம் என்றார். அவ்வளவுதான். அந்தக் கம்பெனியின் வாசலைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி எங்கள் முகங்களைப் பார்த்து அழுதாள். ஒருவனுக்கு நெற்றியில் தையல், கையில் மாவுக்கட்டு. ஒருவனுக்குக் கிழிந்த உதடு.

"யாரு யார அடிச்சது?"

மச்சானுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. என்னைப் பார்த்தான்.

"ரெண்டு பேருந்தான். ஆனா உன் தம்பி என்னக் காப்பாத்துனான்" என்றேன்.

அவனுக்காக நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தாள். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறாள். நான் இப்போது கூலிக்கு மூட்டை தூக்குகிறேன். குனியும்போது விலா இன்னும் பிடிக்கிறது.