இருபத்தெட்டு பவுண்டு காற்று

டயரிலிருந்த காற்றைத் திறந்துவிட்டவன் நான். அதற்காக வேலையை விட்டுப் போனவர் எங்கள் வீட்டு டிரைவர். இதை இப்படி நேராக எழுத இத்தனை வருடமாக எனக்குக் கை வரவில்லை. வயது எண்பதைத் தாண்டிவிட்டது, இனியும் தள்ளிப்போடுவதற்கில்லை.

1944ஆம் வருடம், மே மாதம். மயிலாப்பூரில், குளத்திலிருந்து நாலு வீதி தள்ளி எங்கள் வீடு. அப்பா டாக்டர். காலையில் அடையாறு பக்கம், சாயங்காலம் தியாகராய நகர் பக்கம் என்று நோயாளிகளை வீட்டிலேயே போய்ப் பார்ப்பார். யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். டயருக்கோ கூப்பன் இருந்தும் பயனில்லை. பர்மா, மலேயா எல்லாம் ஜப்பான்காரர்கள் கைக்குப் போனபின் ரப்பர் என்பதே தங்கம் மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் என்பதால் அப்பாவுக்கு எட்டு மாதம் மனுப் போட்டு இரண்டு டயர் கிடைத்தது. அவை வீட்டுக்கு வந்த அன்று அம்மா கற்பூரம் ஏற்றினாள்.

டிரைவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். ராயப்பேட்டைக்காரர். வீட்டில் எல்லோருக்கும் அவர் 'பாய்'. பொழுது விடிகிற நேரத்துக்கு வந்து, வண்டியைத் துடைத்து, கைப்பம்பால் நாலு சக்கரத்துக்கும் காற்றுப் பார்ப்பார். அளவு கருவி எதுவும் அவரிடம் கிடையாது. பம்பின் மரப்பிடியால் டயரை இரண்டு தட்டு, பிறகு உள்ளங்கையால் ஓர் அழுத்து. சில நாள் ஐந்து அடி அடிப்பார், சில நாள் இரண்டு. அவ்வளவுதான். அந்த இரண்டு டயரும் ஒன்றரை வருடம் ஒரு பஞ்சர்கூட இல்லாமல் ஓடின.

நான் கிண்டியில் என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறை. மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடை ஒன்றில், பவுண்டன் பேனா மாதிரி இருந்த காற்றளவு பார்க்கும் கேஜ் ஒன்றை வாங்கி வந்தேன். காரோடு வந்த புத்தகத்தில் அளவுகள் அச்சடித்த அட்டவணை இருந்தது. இருபத்தெட்டு பவுண்டு. அன்றைக்கு மத்தியானம் வண்டி சுற்றிவிட்டு வந்து நின்றதும் கேஜை வைத்துப் பார்த்தேன். முப்பத்துமூன்று காட்டியது.

நான் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பாய் பார்த்துவிட்டார்.

"இன்னா சின்னய்யா, டயருக்கு ஜுரமா? டாக்டர் வூட்டுப் புள்ளைன்னு தெர்மாமீட்டர் வெச்சுப் பாக்குறீங்களா?"

சமையல்காரரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. கையால் தட்டிப் பார்த்துக் காற்றடிப்பவர் என்னைக் கேலி செய்வதா என்று இருந்தது. அவர் சாப்பிடப் போனதும் ஒவ்வொரு வால்விலும் ஊசியை நகத்தால் அழுத்தி, சரியாக இருபத்தெட்டு வரும்வரை காற்றை இறக்கினேன். மறுநாள் மத்தியானம் பார்த்தால் மறுபடியும் முப்பத்துமூன்று. மறுபடியும் இறக்கினேன். இப்படியே இரண்டு வாரம்.

காலையில் அவர் படுகிற பாட்டை மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பேன். வால்வில் எச்சில் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஒருநாள் டியூபைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியே பார்த்தார்.

"வால்வு நல்லாத்தான் கீது. டியூபும் நல்லாத்தான் கீது. எந்த சைத்தான் வந்து காத்தைக் குடிச்சிட்டுப் போவுதோ தெரியல" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தான் அளவுக்கு மீறி அடிப்பதை மறைக்க ஏதோ சொல்கிறார் என்றே நினைத்தேன். மாடியிலிருந்து இறங்கி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அந்த மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தியாகராய நகரில் அக்காவின் புகுந்த வீட்டில் அவளுக்கு வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் வாசலுக்குப் போய், வெயிலில் நின்ற வண்டியின் நாலு டயரிலும் வழக்கம்போல் காற்றை இறக்கிவிட்டு வந்து பாயசம் சாப்பிட்டேன்.

திரும்பும்போது டிரைவரோடு ஏழு பேர், இரண்டு கூடை பட்சணம். தேனாம்பேட்டை தாண்டியதும் பின்பக்கம் வெடி போட்டது மாதிரி ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ச் சாலையோர மரத்தில் இடித்து நின்றது. பாய் பிடித்த பிடியில்தான் அவ்வளவோடு போயிற்று. யாருக்கும் காயமில்லை. ஆனால் அக்கா முன் ஸீட்டின் முதுகில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டதில், காலையில் போட்ட கண்ணாடி வளையல்களில் பாதி நொறுங்கி அவள் மடியில் கிடந்தன.

"இன்னிக்குப் போட்ட வளை! இன்னிக்குப் போட்ட வளை!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு மரமோ வண்டியோ கண்ணில் படவே இல்லை.

மறுநாள் டயர்க்கடைக்காரர் வந்து கிழிந்த டயரைப் புரட்டிப் பார்த்தார். காற்று குறைவாக ஓட்டி ஓட்டி ஓரத்தில் உள்நூல் அறுந்திருக்கிறது, இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வெடித்திருக்கும் என்றார். அப்பா பாயைக் கூப்பிட்டார். தினமும் காலையில் காற்றுப் பார்த்ததாக அவர் சொன்னார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீயும் அந்தக் கேஜை வெச்சுண்டு பாத்துண்டிருந்தியே. காத்து எப்படி இருந்தது?"

"சில நாள் காலம்பற கம்மியாத்தான் இருந்ததுப்பா" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இரண்டொரு நாள் காலையில் பாய் வருவதற்கு முன் பார்த்தபோது இருபத்துநாலு காட்டியது உண்மை. ஏன் காட்டியது என்பதைத்தான் நான் சொல்லவில்லை. காற்றை இறக்கியதால் வந்த வினை இது என்று டயர்க்கடைக்காரர் வாயைத் திறந்த உடனேயே எனக்குப் புரிந்துவிட்டது.

பாய் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பிறகு தன் வலது கையை விரித்து, யாரோ கொடுத்த பொருள் மாதிரி அதையே பார்த்தார். "அப்போ என் கையிலதான் கோளாறு போல" என்று சொல்லிவிட்டு, சாவியை மேஜைமேல் வைத்தார். புது இடத்தில் வேலை கேட்க டிரைவர்களுக்கு எஜமானர் எழுதித் தரும் கடிதம் அந்தக் காலத்தில் உயிர் மாதிரி. அதைக்கூட அவர் கேட்கவில்லை. அப்பாவும் கொடுக்கவில்லை.

வேறு டயர் கிடைக்காமல், கார் செங்கல் அடுக்கின்மேல் ஏறி ஷெட்டில் நின்றது. அப்பா ஜட்கா வண்டியில் நோயாளிகளைப் பார்க்கப் போனார். என் மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ள ஒருநாள் அந்தக் கார்ப் புத்தகத்தை மறுபடியும் எடுத்தேன். அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு இது. சூடேறினால் காற்று விரியும் என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். ஓடி வந்து கொதிக்கிற டயரில் ஐந்து பவுண்டு கூடத்தான் காட்டும். ஜுரமா என்று பாய் கேட்டாரே, ஜுரம்தான்.

அக்காவுக்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை. வளையல் பேச்சை வீட்டில் எல்லோரும் மறந்தார்கள். நானும் மறந்துவிட்டதாகப் பாவனை செய்தேன். அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஆனால் என்ஜினீயருக்குப் படிக்கிற பிள்ளை என்று நாலு பேர் முன்னால் அப்பா பெருமை பேசுவது எனக்குப் பெரிதாக இருந்தது.

இரண்டு வருடம் போயிற்று. யுத்தம் முடிந்து, காருக்கு டயர் வந்து, நானே ஓட்டக் கற்றுக்கொண்டு, வேலைக்கும் போக ஆரம்பித்திருந்தேன். ஒருநாள் காலை அடையாறில் கரி வாயுவில் ஓடும் பஸ் ஒன்று நின்றிருந்தது. அந்தப் பஸ்களுக்குப் பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு இருக்கும். பஸ் கிளம்புவதற்கு முன் ஒருவர் கைப்பிடியைச் சுற்றி அதற்குக் காற்று ஊத வேண்டும். முகமெல்லாம் கரியாக அதைச் சுற்றிக்கொண்டிருந்தவர் பாய். நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கிட்ட சொல்லி என்னடா ஆகணும்? அவர்கிட்டப் போய்ச் சொல்லு" என்றார். பிறகு காகிதத்தை எடுத்து, இரண்டு வருடத்துக்கு முன் எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் விடிகாலையில், பின்பக்கத்து இடது டயரில் வேண்டுமென்றே மூன்று பவுண்டு காற்றை இறக்கிவிட்டு, காரை மெதுவாக அடையாறுக்கு ஓட்டிப் போனேன். அரை மணி நேரம் டயரை ஆறவிட்டேன். பிறகு அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"பாய், அந்தக் காத்தை எறக்கினது நான்தான்."

"எந்தக் காத்து?"

"கார் டயர் காத்து. தினம் மத்தியானம் நான்தான் எறக்கினேன். உங்க கையில ஒரு கோளாறும் இல்லை." அவரை 'உங்க' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

சுற்றுவதை நிறுத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தார். "என் கைதான் போச்சுன்னு நெனச்சிக்கினு கீறேன், சின்னய்யா. நாலு பேரு வண்டி ஓட்டக் கூப்பிட்டாங்க. போவல. புள்ளத்தாச்சிப் பொண்ணை ஏத்திக்கினு போய் மரத்துல இடிச்சவன், இன்னொருத்தர் வண்டிய எப்பிடித் தொடுவான்?"

அவருக்கு வேலை மட்டும்தான் போயிற்று என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். காரைக் காட்டி, டயரைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். தயங்கித் தயங்கித்தான் வந்தார்.

"யோவ் பாய், அடுப்பு அணையுது! பஸ்ஸை நாங்க தள்ளிக்கினு போறதா?" என்று கண்டக்டர் கத்தினார். பாய் காதில் அது விழவில்லை. நாலு டயரையும் முஷ்டியால் தட்டி, உள்ளங்கையால் அழுத்தினார். பின் இடது டயரிடம் மறுபடியும் வந்தார்.

"இது கம்மி. மத்த மூணும் கரீட்டு."

கேஜை அவர் கையில் கொடுத்தேன். அவரே வைத்துப் பார்த்தார். மூன்றில் இருபத்தெட்டு, அதில் இருபத்தைந்து. எண்களைப் படித்துச் சொன்னேன். கேஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் கேட்டார்:

"இது அன்னிக்கும் சரியாத்தான் சொல்லிச்சு, இல்ல?"

"ஆமாம்."

"அப்போ நீங்க மட்டும்தான் சொல்லல."

கேஜை என் கையில் வைத்தார். அப்பாவின் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கே திரும்பி வரும்படி அப்பா சொன்னதாகச் சொன்னேன். "ஐயாவுக்கு என் சலாம் சொல்லுங்க. அந்த வண்டி வேணாம்" என்று சொல்லிவிட்டு அடுப்பைச் சுற்றப் போய்விட்டார்.

சில மாதம் கழித்து மயிலாப்பூர் போக அடையாறில் ஒரு பஸ் ஏறினேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் அவர். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். லஸ் முனை வரும்வரை அவருடைய இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன், நிதானமாக இருந்தன. நான் இறங்கினேன், பஸ் போய்விட்டது. அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை.

அவர் என்னை மன்னித்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் என் எதிரில் யாராவது 'தப்பு என்மேல்தான் போல' என்று சொல்லித் தலை குனிந்தால், நான் சொல்லாமல் விட்டது ஏதாவது அதில் இருக்கிறதா என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.