வரிச் சலுகைக்கு ஒரு பி.எஸ்ஸி.

“முதலாளி, என் பட்டச் சான்றிதழ் வேணும்.”

“எதுக்கு அப்பு?”

“பம்பாய்ல ஒரு உருக்காலையில இன்டர்வியூ. அசலைக் காட்டணுமாம்.”

“அதைச் சுவத்துல இருந்து இறக்கினா வரி ஆபீசர் எங்கேன்னு கேப்பாரு. அந்த இடத்துல உன்னையவா மாட்டமுடியும்?”

அரத்தால் ராவிக்கொண்டிருந்த நல்லுசாமி கையை நிறுத்தாமலே, “மாட்டலாம் முதலாளி. ஆளு அம்புட்டு கனம் இல்ல” என்றார். பட்டறையே சிரித்தது. சான்றிதழ் கேட்ட சோலைமுத்துவும் சிரித்தார்.

இது 1964இல். நாகல் நகரில் ரங்கசாமியின் பூட்டுப் பட்டறைக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களுக்கு நான்தான் பதில் டைப் அடிப்பேன். படித்த பிள்ளைகள் வெளி ராஜ்யங்களுக்குப் போய்விடுகிறார்களாம். அதைத் தடுக்க, விஞ்ஞானப் பட்டதாரியை வேலைக்கு வைக்கும் சிறு பட்டறைகளுக்கு சர்க்கார் விற்பனை வரியில் சலுகை அறிவித்திருந்தது. சோலைமுத்து செம்பட்டிப் பக்கம் வெங்காயம் பயிரிடும் வீட்டுப் பிள்ளை. பௌதிகம் படித்தவர். ரங்கசாமி வீடு தேடிப் போய், உள்ளூரிலேயே சயன்ஸ் வேலை என்று சொல்லி அழைத்து வந்தார்.

வந்தவருக்கு நாற்காலி கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. பூட்டின் ஸ்பிரிங் ஏன் சீக்கிரம் முறிகிறது என்று உலைப் பக்கம் போய்ப் பார்த்தார். “நீ உக்காரு அப்பு. கரியும் கையுமா நின்னா பி.எஸ்ஸி.ன்னு எவன் நம்புவான்?” என்று ரங்கசாமி திருப்பி அனுப்பினார். சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு, முருகன் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவில் மாட்டினார். ஆபீசர் வாசலில் நின்றே அதைப் பார்த்துவிட்டுப் போவார்.

பம்பாய் இன்டர்வியூவுக்காகச் சோலைமுத்து கெஞ்சியபின், ஆயுத பூஜை முடிந்ததும் தருவதாக ரங்கசாமி ஒப்புக்கொண்டார். பூஜையன்று கண்ணாடியைத் துடைக்கச் சான்றிதழை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். சுத்தியலுக்கும் அரத்துக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்த ரங்கசாமியின் மனைவி வீரலட்சுமி, படிப்பும் ஆயுதம்தானே என்று அந்தக் காகிதத்துக்கும் வைத்தார். பெயரின் மேல் ஒன்று, முத்திரையின் மேல் ஒன்று. ஈரச் சந்தனத்தில் மை கரைந்து பரவியது. பக்தியோடு செய்தவரை எப்படித் திட்டுவது? சோலைமுத்து அதை அப்படியே எடுத்துக்கொண்டு ரயிலேறினார்.

பெயர் தெரியாத அசல் பம்பாயில் செல்லவில்லை. மறுபிரதி வந்து சேர்வதற்குள் அந்த வேலையில் வேறொருவர் சேர்ந்துவிட்டார். சோலைமுத்து பழையபடி நாற்காலிக்கு வந்தார். மறுபிரதியையும் ரங்கசாமி வாங்கி மாட்டிவிட்டார்.

1966இல் சலுகை நின்றது. அந்த வாரமே சோலைமுத்துவையும் நிறுத்தினார்கள். போகிறவருக்கு அனுபவச் சான்றிதழ் ஒன்று அடித்துக் கொடுக்கும்படி ரங்கசாமி என்னிடம் சொன்னார். தாளைச் செருகிப் பெயரும் தேதியும் அடித்தேன். அதற்குமேல் விரல் ஓடவில்லை. சோலைமுத்து மேஜைப் பக்கம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்:

“இங்க நான் என்ன வேலை பாத்தேன்னு நீங்களே ஏதாச்சும் யோசிச்சு எழுதுங்கம்மா. எனக்கு ஒண்ணும் தோணல.”