காரைநகரில் கோயிலுக்குக் கிட்ட

லண்டனில் என் மருமகனின் சைக்கிளைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தும் கொண்டுபோனார்கள். அடுத்த சைக்கிளைச் சங்கிலியோடு கொண்டுபோனார்கள். பிறகு வீட்டை உடைத்தார்கள். இவ்வளவும் நடந்த ஊரிலிருந்து வந்தவன், என் ஊர் வேலணையில் கள்ளருக்கு எப்படிப் பயப்பட வேண்டும் என்று எனக்குப் படிப்பித்தான்.

அக்காவின் மகன். சின்னனிலேயே தாய் தகப்பனோடு போனவன். கலியாணம் முடித்தபிறகு மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். வெளியிலிருந்து வருகிறவர்கள் சொக்லேட் கொண்டுவருவார்கள். இவன் பூட்டுக் கொண்டுவந்தான். நம்பர் பூட்டு.

என் வாசல் படலைக்கு அதுவரை ஒரு கம்பி வளையம்தான். அதுவும் ஆடு வெளியே போகாமலிருக்க. வளையத்தைக் கழற்றிவிட்டுப் பூட்டைப் போட்டான். அன்று பின்னேரம் ஓடி முடித்து வந்து, என் ஓட்டோவை ரோட்டில் விட்டுவிட்டு என் வீட்டுக்குள் நான் வேலி பாய்ந்து போனேன். நம்பர் மறந்துபோயிற்று. மருமகன் கண்டுவிட்டான்.

"பாத்தீங்களோ மாமா, எவ்வளவு சுகமா ஒருத்தன் உள்ளுக்கு வரலாம்?"

அடுத்த நாள் வேலிக்கு முள்ளுக்கம்பி அடித்தான்.

இரண்டு பேரின் பாஸ்போட்டும் ஒரு பட்டிக்குள் இருந்தன. சட்டைக்குள்ளே வயிற்றோடு கட்டுகிற பட்டி. படுக்கும்போதும் கழற்றமாட்டான். குளிக்கும்போது அது மனைவியின் இடுப்புக்கு மாறும். அதை மட்டும் நான் பகிடி பண்ணவில்லை. திங்கட்கிழமை அவன் லண்டனில் புது வேலைக்குப் போய் நிற்க வேண்டும். பழைய வேலை போய், கனகாலம் அலைந்து எடுத்த வேலை. பாஸ்போட் இல்லையென்றால் அது இல்லை.

இன்னும் பாடம் இருந்தது. தெரியாத ஆள் கேட்டால் உண்மையான ஊர் சொல்லக் கூடாது. தங்கியிருக்கிற வீட்டைச் சொல்லக் கூடாது. லண்டன் என்று வாயே திறக்கக் கூடாது. வெளிநாட்டில் அப்படித்தான் இருக்க வேண்டுமாம். பிறந்த ஊரை வெளிநாடு என்கிறானே என்று நினைத்தேன். ஓம் என்றேன்.

புறப்படும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக நயினாதீவுக்குப் போனோம். குறிகட்டுவான் வரை என் ஓட்டோ. அங்கிருந்து படகு. அம்மன் கோயிலில் ஆம்பிளைகள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். அதை அவனுடைய பாடத்தில் ஒருவரும் எழுதவில்லை. சட்டையைக் கழற்றினான். வெள்ளை வயிற்றில் கறுப்புப் பட்டி. வந்த சனம் எல்லாம் அம்மனைக் கும்பிட்டுவிட்டு அதையும் ஒருமுறை பார்த்தது. ஒளித்து வைக்கிற பொருளுக்கு இப்படி ஒரு கூட்டம் நான் கண்டதில்லை. ஒரு அம்மா அவன் மனைவியிடம், தம்பிக்கு ஒப்பரேசன் செய்ததோ என்று கேட்டார். அவள் ஓம் என்றாள். அவளும் பாடம் படித்தவள்.

வெட்கத்தில் பட்டியைக் கழற்றிச் சால்வைக்குள் சுற்றிக் கக்கத்தில் வைத்தான். பூசை முடிந்து அன்னதான மடத்தில் சாப்பிட இருந்தபோது அதை முழங்காலுக்குக் கீழே வைத்தான்.

பக்கத்தில் ஒரு வயதானவர். சோறு விழுகிறதற்கு முதலே கேட்டார்.

"தம்பி எவடம்?"

எங்கள் பக்கத்தில் அதைக் கேட்காவிட்டால்தான் குறை. எந்த ஊர், ஆருடைய மகன், தாய் எந்தப் பகுதி. மூன்றும் தெரிந்தால்தான் பருப்பு இறங்கும். மருமகன் தன் பாடத்தை எடுத்தான்.

"காரைநகர்" என்றான்.

"காரைநகரிலை எவடம்?"

"கோயிலுக்குக் கிட்ட."

"தகப்பன் ஆர்?"

"அவர் செத்துட்டார்."

அவன் தகப்பன், என் அத்தான், லண்டனில் நல்ல சுகமாக இருக்கிறார். அன்று காலையும் போன் எடுத்தவர். கிழவர் உண்மையாகவே துக்கப்பட்டார். பரிமாறினவரைக் கூப்பிட்டு, தகப்பனில்லாத பிள்ளை, பாயாசம் இன்னும் கொஞ்சம் விடுங்கோ என்றார். என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்தேன்.

மருமகன் என் காதுக்குள் சொன்னான். "மாமா, ஆள் சரியில்லை. எழும்புங்கோ."

பாயாசத்தை அப்படியே விட்டுவிட்டு எழும்பினோம். கை கழுவினதும் கழுவாததுமாக இறங்குதுறைக்கு வந்து, புறப்பட நின்ற படகில் ஏறிவிட்டோம். கள்ளனிடமிருந்து தப்பியாயிற்று. நடுக்கடலில் மருமகன் கக்கத்தைத் தடவினான். சால்வை இல்லை.

படகு எங்களுக்காகத் திரும்பாது. குறிகட்டுவானில் இறங்காமல் அதே படகில் திரும்பப் போனோம். வழியில் எதிரே ஒரு படகு எங்களைக் கடந்து போனது. ஒருவரும் கவனிக்கவில்லை. மடத்தில் இலை எடுத்து நிலம் கழுவியாயிற்று. பக்கத்தில் இருந்த கிழவர் ஏதோ ஒரு சால்வையை எடுத்துக்கொண்டு ஓடினவர் என்றார்கள். ஆரென்று தெரியாது, நேர்த்திக்கடனுக்கு வந்த வெளியாள் என்றார்கள்.

"நான் அப்பவே சொன்னனான்" என்றான் மருமகன்.

சொன்னவன்தான். மறுக்க ஏலாது.

திரும்பும் வழியில் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். கள்ளனின் அடையாளம் கேட்டார்கள். வயதானவர், வேட்டி, கனக்கக் கேள்வி கேட்பார் என்றான். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை நிறுத்தினார். தீவுப்பக்கத்தில் அது ஒரு அடையாளமில்லை என்றார்.

அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. கொழும்புக்குப் போன் எடுத்தான். புதுப் பாஸ்போட்டுக்குக் கிழமைக்கணக்கில் செல்லுமாம். வேலையை வேறு ஆளுக்குக் குடுத்துவிடுவார்கள் மாமா என்றான். மனைவி குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதாள்.

காலையில் நான் கிணற்றடியில் நின்றேன். படலையில் யாரோ கூப்பிட்டார்கள். மருமகன் ஜன்னலைத் திறந்து பார்த்தான். உடனே சாத்தினான். பின்பக்கத்தால் என்னிடம் ஓடிவந்தான்.

"மாமா, அவன் வந்திருக்கிறான். வீட்டையும் கண்டுபிடிச்சிட்டான்."

போய்ப் பார்த்தேன். கிழவர். கையில் சால்வை. படலையைத் திறக்கப் போனால் பூட்டு. மருமகன் பூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நம்பர் வரவில்லை. கள்ளன் வெளியே, நாங்கள் உள்ளே. கடைசியில் கிழவர் பொறுமையிழந்து வேலிக்கு மேலால் நீட்டினார். முள்ளுக்கம்பி சால்வையைக் கிழித்தது. பட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பாஸ்போட்டும் இருந்தன. மருமகன் நின்ற இடத்திலேயே பட்டியை வயிற்றில் கட்டினான்.

நம்பர் நினைவு வந்து, அவர் உள்ளே வந்து, தேத்தண்ணி குடித்துச் சொன்னதுதான் இது. சால்வையோடு இறங்குதுறைக்கு ஓடியிருக்கிறார். எங்கள் படகு போய்விட்டது. அடுத்த படகில் வந்திருக்கிறார். கடலில் எங்களைக் கடந்தது அதுதான். காரைநகர் என்று பிள்ளை வாயால் சொன்னதே, பிறகென்ன. பஸ் பிடித்து யாழ்ப்பாணம், அங்கிருந்து காரைநகர். கோயிலுக்குக் கிட்ட. காரைநகரில் எந்த வீடு கோயிலுக்குத் தூரம்? ஒவ்வொரு கோயிலாகப் போயிருக்கிறார். இருட்டினதும் ஒரு மடத்தில் படுத்திருக்கிறார். காலையில், முந்தித் தெற்கே வேலணை ஆக்களோடு கடை வைத்திருந்த ஒருவர், பாஸ்போட்டில் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் நின்ற தகப்பனின் பெயரைப் பார்த்தாராம். இது வேலணை ஆளல்லோ, மச்சான்காரன் அங்கே ஓட்டோ ஓடுகிறான் என்றாராம். உடனே ஊர்காவற்றுறைக்குக் கடல் கடந்து, பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"தம்பி காரைநகர் எண்டல்லோ சொன்னீர்?"

மருமகன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தான்.

"அது போகட்டும். தகப்பன் சீவியத்தோடை இருக்கிறாராம். கேட்க எனக்குச் சந்தோசமாப் போச்சு."

அதற்குப் பிறகு மற்றக் கதையை மருமகன் சொல்லமாட்டான் என்று விளங்கியது. நான் சொன்னேன்.

"அண்ணை, உங்களைக் கள்ளன் எண்டு பொலிஸிலை எழுதிக் குடுத்திருக்கிறம். அதை வெட்ட வேணும். நீங்களும் வந்தால் நல்லது."

கிழவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எந்த ஊர்க் கள்ளன் எண்டு எழுதினீங்கள்?"

"ஊர் தெரியாது எண்டு."

"நெடுந்தீவு" என்றார். "கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

பொலிஸ் வழியில்தான். அதற்கு அங்கால் குறிகட்டுவானில் அவர் நெடுந்தீவுப் படகு பிடிக்க வேண்டும். களவு கொடுத்தவர்களும் கள்ளனும் பின்சீற்றில் ஒன்றாக இருந்தார்கள். நான் ஓட்டினேன். கிழவர் தொடங்கினார். லண்டனில் எவடம், என்ன வேலை, என்ன சம்பளம். மருமகன் எல்லாவற்றுக்கும் உண்மை சொன்னான். சம்பளத்தைக்கூட. பிறகு, கலியாணம் முடித்து எவ்வளவு காலம், இன்னும் பிள்ளை இல்லையோ என்று கேட்டார்.

கண்ணாடியில் மருமகனின் முகம் தெரிந்தது. இவர் கள்ளனாகவே இருந்திருந்தால் பரவாயில்லை என்று அதில் எழுதியிருந்தது.