அகதி எண்டாலும்

தங்கைக்கு ஆலங்குடாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எங்கள் பக்கத்தில் அயல்வீட்டில் விசாரிக்காமல் யாரும் கல்யாணப் பேச்சை முடிப்பதில்லை. மாப்பிள்ளையின் உம்மா விசாரிக்க வருகிறார் என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அயல்வீட்டுக்காரி என் சிநேகிதி; பரம்பரையாக இந்த ஊர்க்காரி. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். என் மகனுக்குப் பெயர் வைத்ததே அவள்தான். அவளைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

என்னைக் கேட்டால் நான் புத்தளத்துக்காரி. உம்மாவும் வாப்பாவும் போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு வந்தவர்கள். நான் பிறந்தது இங்கே, பாலாவியில். ஒருமுறை வாப்பாவோடு மன்னாருக்குப் போனபோது சொந்தக்காரர்கள், "புத்தளத்துப் புள்ள வந்திரிக்கி" என்றார்கள். வாப்பாவின் முகம் சுருங்கிப்போனது. எனக்கோ பெருமை பிடிபடவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் நினைத்ததைவிட அதிகம் பேர் வந்துவிட்டார்கள். சிநேகிதி வீட்டில் அத்தனை பேருக்குக் கோப்பை காணாது என்று எனக்குத் தெரியாதா? எங்கள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தால் அவளுடைய குசினிக்குள் நுழைந்தேன். முன் அறையில் அவள் எங்களை வாயாரப் புகழ்ந்துகொண்டிருந்தாள். தங்கையின் கைப்பக்குவம், வாப்பாவின் நேர்மை, ஒன்றையும் விடவில்லை. கேட்க இனித்தது. வெட்கத்தை விட்டு நின்று கேட்டேன்.

"அகதி ஆக்கள் எண்டாலும் நல்ல ஆக்கள், மாமி. நம்பி எடுக்கலாம்."

அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்திலும் தண்ணீர்ப் பைப்படியிலும் கேட்டு வளர்ந்தவள்தான் நான். அப்போதெல்லாம் எனக்காகச் சண்டைக்குப் போனவள் இவள். இவளும் மனதுக்குள் அதைத்தான் வைத்திருந்தாளா? கோப்பைகளை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சம்பந்தம் சரிவந்தது. அடுத்த நாள் பின்னேரம் சிநேகிதி ஓடிவந்தாள். "நான் சொன்னதாலதான் ஓமெண்டாங்க!" தங்கை அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். தங்கையின் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. தங்கை தேத்தண்ணி ஊற்ற உள்ளே போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"எங்கள அகதி எண்டு சொன்னாய் தானே? குசினிக்குள்ள நிண்டு கேட்டன்."

தடுமாறுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"ஓம், சொன்னன். அதையெல்லாம் மறைக்கேலுமா? அவங்களுக்கும் தெரியுந்தானே."

"அப்ப நான் எந்த ஊருடி?"

அவள் சிரித்தாள். "என்ன கதை கதைக்கிறாய்? நீ என்ட உசிரு. உங்கட ஆக்கள் எல்லாரும் உன்னப் போல இருந்தா எவ்வளவு நல்லம்!"

கோபத்தில் சொல்லியிருந்தால் ஒருநாள் மன்னித்திருப்பேன். அவள் என் தோளில் கை போட்டுக்கொண்டு, பாசமாகத்தான் சொன்னாள்.