லீடர் அக்கா

செம்மொழி இப்போது மன்னார்குடியில் ஆசிரியை. வகுப்புக்கு லீடர் போடச் சொன்னால் இன்றைக்கும் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பாள். காரணம் கேட்டால் சொல்லமாட்டாள். நான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் சீர்காழியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி ப்ளஸ் டூ படித்தாள். அப்பா வீரையன் வயல்வேலையை விட்டுச் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தார். "குரல் உயர்த்தத் தெரியாத புள்ள" என்று வார்டன் மரியபுஷ்பம் சிஸ்டர் அவளை லீடராக்கி, டெலிபோனையும் ஒப்படைத்தார்.

பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். செலவுக்குப் பயந்து, முதல் தடவை பெயரை மட்டும் சொல்லி வைத்துவிடுவார்கள். லீடர் ஓடிப்போய் அந்தப் பிள்ளையைக் கூட்டிவந்து நிறுத்த வேண்டும். சற்று நேரத்தில் மறுபடி மணியடிக்கும்.

முதலில் செம்மொழியும் மூச்சிரைக்க ஓடினாள். பிறகு யாரோ தலை பின்னிவிட்டார்கள். யாரோ சீருடையைத் துவைத்துப் போட்டார்கள். வேண்டாமென்று சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை. சுகம் யாருக்குத்தான் கசக்கும்? அப்புறம், துவைக்காதவள் யாரென்று கண் தானாகத் தேட ஆரம்பித்தது. அதிகாரம் ஆளைக் கெடுக்கக் கோட்டை கொத்தளம் வேண்டியதில்லை. பதினேழு வயதில் ஒரு டெலிபோன் போதும்.

துவைக்காதவள் ஒன்பதாம் வகுப்பு நஃபீசா. "எனக்கு நேரமாச்சுக்கா, நீங்களே அலசிக்குங்க" என்று குழாயடியில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குவைத்திலிருந்து அவள் அத்தா ஜெகபர் அலி பேசினார். "நஃபீசாவக் கூப்புடும்மா. நாளைக்குப் பாலைவனத்துல வேலைக்கு அனுப்புறாங்க. அங்க போன் கிடையாதாம். எப்பத் திரும்புவேன்னு தெரியல."

"சரிங்க" என்று வைத்த செம்மொழி, நாற்காலியை விட்டு எழவில்லை.

மணிச்சத்தம் கேட்டு நஃபீசாவே வாசலில் வந்து நின்றாள். "எங்க அத்தாவாக்கா?"

"இல்ல."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது செம்மொழிக்கே வியப்பாக இருந்தது. நஃபீசா சண்டை போடவில்லை. அவள் உதடு நடுங்கியது.

"நேத்து தெரியாம சொல்லிட்டேன்க்கா. இனிமே நானே துவைச்சுத் தர்றேன். போர்வையும் குடுங்க."

தன்னைப் பார்த்து ஒரு பிள்ளை நடுங்குகிறது! செம்மொழிக்கு முதன்முதலாகத் தன்னைப் பார்த்தே பயம் வந்தது. டெலிபோன் மறுபடி அடித்தது. எடுத்து நஃபீசாவின் கையில் திணித்தாள்.

"நல்லா இருக்கேன் அத்தா. லீடர் அக்கா என்னைய நல்லா பாத்துக்கிறாங்க." அழுதுகொண்டே பேசினாலும் அவள் கண் செம்மொழியை விட்டு அகலவில்லை.

அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. அப்பாவோடு தனியாகப் பேசட்டும் என்று செம்மொழி வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

உள்ளே நஃபீசா, வெளியே கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தினாள்.

"லீடர் அக்கா தங்கமானவங்க அத்தா!"